கம்பு நட்ட இடம்

சென்னை
12.06.2025

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் குடும்பத்தாரும் நலமென நம்புகிறேன். நானும் நலம். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டுக்குள் நடக்கிறேன்.

வரும் தை மாதம் பல்கலைக்கழகத்துக்கு வெள்ளி விழா. முதல் துணைவேந்தர் என்ற முறையில் என் வாழ்க்கை வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். முதல் அத்தியாயத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தங்களிடமிருந்து இரண்டு தேவை. ஒன்று, வாழ்த்துரை. தங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று இங்கேயே தட்டச்சு செய்துவிட்டோம்; கையெழுத்து மட்டும் போட்டால் போதும். இரண்டு, அப்பாவின் கம்பு. ஏரித் தண்ணீரைப் பங்கிட்டு விட்ட கம்புகட்டியின் மகன் துணைவேந்தர் ஆனதற்கு அதைவிடச் சாட்சி வேறில்லை. நிர்வாகக் கட்டடத்தின் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள்.

பதிலை விரைவில் எதிர்பார்க்கிறேன்.

தங்கள் அன்புத் தம்பி,
முனைவர் தாமோதரன்


உத்திரமேரூர் வழி, நம் ஊர்
ஆனி 10

தம்பி தாமோதரனுக்கு அக்கா சிட்டம்மாள் எழுதிக்கொண்டது. நானும் கறவை மாடும் சுகம். உன் முழங்கால் சீக்கிரம் ஆறட்டும்.

நான் உனக்கு எப்போதிலிருந்து 'அவர்கள்' ஆனேன்? என் தோளிலேயே மூத்திரம் போனவன் நீ. நாலாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துப் படி. போனில் பேசினால் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது.

உன் அத்தியாயத்தைப் பேத்தி இளமதி படித்துக் காட்டினாள். ஐப்பசி வெள்ளத்தில் ஏரியை நீந்திக் கடந்து பள்ளிக்கூடம் போனாயாமே. உனக்கு இன்றைக்கும் நீச்சல் தெரியாது. நீ கடந்தது ஏரியும் இல்லை. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால். கடந்தது என் தோளில். எனக்கு மார்பளவு தண்ணீர். நடுவில் உன் சிலேட்டு விழுந்துவிட்டது. முழுகிவிடுவோம் என்று நீ அழவில்லை, சிலேட்டுக்கு அழுதாய். அப்போது உனக்கு ஏழு வயது, ஊதா நிறச் சட்டை, மேல் பொத்தான் இல்லை.

அடுத்த பக்கத்தில், வேலிக்காத்தான் முளைத்த தரிசு நிலத்தில் பல்கலைக்கழகம் எழுந்தது என்று இருக்கிறது. தரிசா அது? அந்த அறுபது ஏக்கர் நடுவில்தான் வரத்துக்கால் ஓடியது. அதன்மேல் குறுக்காகச் சுவர் எழுப்பினீர்கள். அதற்குப் பிறகு நம் ஏரி நிறைந்தது ஒரே ஒரு முறை, பத்து வருஷத்துக்கு முன்னால் பெருமழையில் அந்தச் சுவரே விழுந்தபோது. மறு வருஷம் இன்னும் தடியாகக் கட்டிவிட்டார்கள். ஏரிக்குள் இப்போது பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஏரித் தண்ணீர் பாய்ந்த ஆயக்கட்டு நிலத்தில் பாதி வீட்டுமனை ஆகிவிட்டது.

சுவரில் வழி விடச் சொல்லி ஊரில் மனு கொடுத்திருக்கிறோம். பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது: அங்கே கால்வாயே இருந்ததில்லை, இருந்தது வண்டிப்பாதை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்று.

வாழ்த்துரையில் கையெழுத்துப் போடமாட்டேன். அதில் என்னைப் பாசத்தின் ஊற்று என்று எழுதியிருக்கிறீர்கள். ஊற்றெல்லாம் வற்றிவிட்டது. கம்பு வேண்டுமானால் தருகிறேன். உன் புத்தகத்தில் ஒரு வரி எழுது: அங்கே வரத்துக்கால் இருந்தது. பல்கலைக்கழகம் போடுகிற புத்தகத்திலேயே அது வந்துவிட்டால் யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு வரிக்கு ஒரு கம்பு.

மருந்தை வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
சிட்டம்மாள்


சென்னை
09.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாடு சுகமென்று அறிந்து மகிழ்ச்சி. எனக்கு இப்போது மாடி ஏற முடிகிறது.

நீச்சல் விஷயத்தைத் திருத்தச் சொல்லிவிட்டேன். 'அக்காவின் தோளில்' என்றே வரும். ஊதாச் சட்டையையும் சேர்த்திருக்கிறேன். வாழ்த்துரையை உன் நடையிலேயே நீ எழுதித் தரலாம். சுவர் இப்போதைய நிர்வாகத்தின் விவகாரம். நான் பதவியை விட்டுப் பதினெட்டு வருடமாகிறது. ஓய்வு பெற்றவன் தலையிடுவது முறையாகாது.

கம்பை ஆகஸ்டுக்குள் அனுப்பினால் பெட்டி செய்பவர்கள் அளவெடுக்க வசதி.

அன்புடன்,
தாமோதரன்


நம் ஊர்
ஆடி 5

தம்பிக்கு,

மாடி ஏறுகிறாய் என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். இங்கே நல்ல காற்று. மழைதான் இல்லை.

நீச்சலுக்குப் பதில் வந்தது. சட்டைக்கு வந்தது. வாழ்த்துரைக்கு வந்தது. அந்த ஒரு வரிக்கு வரவில்லை.

உனக்கு மறந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பத்து வயதில் விடுதிக்குப் போனவன், வெளியூரிலேயே வளர்ந்தவன். அதனால் நினைவுபடுத்துகிறேன்.

ஏரி எல்லைக்குள் யார் என்ன செய்வதாக இருந்தாலும் முதலில் கம்புகட்டி நடந்து காட்ட வேண்டும். எங்கே தண்ணீர் ஓடும், எங்கே ஓடாது என்று சொல்லிக்கொண்டே போய்க் கடைசியில் கம்பை நடுவார். நட்டால் ஊர் ஒப்புக்கொண்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் யாரும் கைநாட்டு வைப்பார்கள். நட்ட கம்பை அந்த வீட்டு ஆளைத் தவிர வேறு எவரும் தொடக் கூடாது. அப்பா காலத்துக்கு முன்னாலிருந்தே இதுதான் வழக்கம்.

அப்பா போன பிறகு இருபத்தொன்பது வருஷம் அந்தக் கம்போடு நடந்தவள் நான். பொம்பளை திறந்தால் மதகு திறக்காதா? திறந்தது. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு நிலம் எடுத்த அந்த வைகாசியில் நீ வெள்ளைக் காரில் வந்து இறங்கினாய். முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டு, "அக்கா, அப்பா கம்ப கொஞ்சம் குடு, நானே நடந்து காட்டிட்டு வரேன்" என்றாய். நானும் எடுத்துக் கொடுத்தேன். என் பெண் தேவகிக்குக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் வலி எடுத்திருந்தது. நான் பஸ்ஸுக்கு ஓடினேன். இளமதி பிறந்த அன்றைக்குத்தான் நீ நடந்தாய். பஸ்ஸுக்கு ஓடும்போது என் காதுபடவே பக்கத்து வீட்டு ஆண்டாளம்மாள் சொன்னாள்: "கம்புகட்டி வந்துட்டாருடி." இருபத்தொன்பது வருஷத்தில் என்னை ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

நான் பேத்தியைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது எல்லாரும் கைநாட்டு வைத்து முடித்திருந்தார்கள். மறு பங்குனியில் சுவர் எழும்பியது. நான் போய் மறித்தேன். "உங்க தம்பிதான்மா நடந்து காட்டினாரு, வண்டிப்பாதைன்னு எழுதிக்கீது பாரு" என்று தாளைக் காட்டினார்கள். வைகாசியில் வரத்துக்கால் காய்ந்துதான் கிடக்கும், மாட்டு வண்டியும் அதில் போகும். தெரியாமல் சொல்லிவிட்டாய் என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்தேன். தம்பி பெயர் கெட்டுவிடக் கூடாது என்று இருபத்தைந்து வருஷமாக மூடியே வைத்திருந்தேன்.

தெரியாமல் சொன்னதைத் தெரிந்த பிறகு திருத்தலாம், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வரி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சிட்டம்மாள்


நம் ஊர்
ஆவணி 12

தம்பிக்கு,

சுகமா? ஆடி போய்விட்டது. உன் கடிதம் வரவில்லை, உன் ஆள் வந்தார். கடிதத்துக்கு ஆள் பதில் ஆகாது. இருந்தாலும் நடந்ததைச் சொல்கிறேன்.

மோகன்குமார் என்று பெயர் சொன்னார். நல்ல பிள்ளை. சால்வை, பழக்கூடை, கண்ணாடிப் பெட்டியின் படம் எல்லாம் கொண்டுவந்திருந்தார். சால்வையைப் போர்த்த வந்தார். வெயில் அடிக்கிறது, வேண்டாம் என்றேன்.

"ஆயா, அந்தக் கம்ப மட்டும் குடுத்தீங்கன்னா நான் கெளம்பிடுவேன்."

"இன்னாத்துக்கு?"

"பாத்துக்கினே இருக்கலாம் ஆயா. ஆயிரக்கணக்கான புள்ளைங்க பாக்கும். கீழ எழுதி வெப்போம்."

"இன்னான்னு எழுதுவே?"

"ஏரி நீர் பங்கிட்ட கோல்னு."

"எந்த ஏரி?"

அவர் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். வாசலில் நின்று வேடிக்கை பார்த்த ஆண்டாளம்மாள் விடவில்லை. "தண்ணியே இல்லாத ஏரிக்குக் கம்பு எதுக்குன்னு நெனச்சிக்கினாங்களோ இன்னாவோ. பொட்டில போட்டுட்டா பேஜார் தீந்துடும் இல்ல?"

பிள்ளை முகம் சுருங்கிப் போய்விட்டது. எனக்கே பாவமாக இருந்தது. மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "சார் கிட்ட இன்னா சொல்லட்டும் ஆயா?" என்றார்.

"கம்பு வூட்லதான் கீது. வரி எங்க கீதுன்னு கேட்டேன்னு சொல்லு."

சால்வையைத் திருப்பிக் கொடுத்தனுப்பினேன். பழத்தை மாடு தின்றது.

சிட்டம்மாள்


சென்னை
08.09.2025

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

அனுப்பிய மனிதரை ஊர் முன்னால் அவமானப்படுத்தியிருக்கிறாய். அது என்னை அவமானப்படுத்தியதுதான். எனவே நானும் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பொறுப்பேற்றபோது அங்கே ஒரு கொட்டகையும் நாற்பது நாற்காலிகளும் மட்டுமே இருந்தன. முதல் ஆண்டு நூற்றுப் பத்துப் பேர். அதில் பெண்கள் ஒன்பது. இன்று பதினாலாயிரம் பேர் படிக்கிறார்கள், பாதிக்கு மேல் பெண்கள். உத்திரமேரூர் பஸ்ஸில் காலையில் ஏறிப் பார், புத்தகப் பையோடு எத்தனை பெண்கள் நிற்கிறார்கள் என்று. உன்னை நாலாம் வகுப்போடு நிறுத்தினார்களே, அது இனி எந்த வீட்டிலும் நடக்கக் கூடாது என்றுதான் அத்தனை பாடும் பட்டேன். உன் இளமதி அங்கேதான் தங்கப் பதக்கம் வாங்கினாள். பட்டமளிப்பில் நீ முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாய்.

அந்தத் திட்டத்தைத் தங்கள் பக்கம் இழுக்க வேறு இரண்டு ஊர்கள் காத்திருந்தன. கோப்பு ஒரு முறை திரும்பியிருந்தால் நம் தாலுகாவுக்கு வந்தே இருக்காது. அன்று ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தேன்.

இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

தாமோதரன்


நம் ஊர்
புரட்டாசி 1

தம்பிக்கு,

முடிவு எடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நானே மூன்று முறை படித்தேன். பிறகு இளமதியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் படித்துவிட்டுத் தாளை மடித்துக் கொடுத்தாள்.

மறந்தவன் முடிவு எடுக்க மாட்டான். தெரிந்தவன்தான் எடுப்பான். அத்தியாயத்தில் வரத்துக்கால் என்று எழுத வேண்டிய இடத்தில் ஏரி என்று எழுதியிருந்தாயே, அது ஏன் என்றும் இப்போது புரிகிறது.

இத்தனை வருஷம் என் மனத்தாங்கல் நீ மறந்துவிட்டாய் என்பதுதான். மறதிக்கு நான் கோபப்பட்டது தப்பு. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இளமதி படித்த படிப்பை நான் குறை சொல்லவில்லை. பதக்கம் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அந்தப் படிப்பை வைத்துத்தான் அவள் அந்த மனுவை எழுதினாள், உனக்குச் சொல்லவில்லையா? நாற்பது பக்கம். பழைய வரைபடம், செயற்கைக்கோள் படம், எல்லாம் சேர்த்திருக்கிறாள். அத்தனைக்கும் எதிராக அவர்கள் கையில் இருப்பது ஒரு சொல். நீ சொன்ன சொல்.

பெண்கள் படிக்க வேண்டும். படித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் குடத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று உனக்கு யார் சொன்னது? நடுவில் பன்னிரண்டு அடி விட்டிருந்தால் உன் பல்கலைக்கழகம் பாலம் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் நன்றாகவே நின்றிருக்கும்.

இனி கம்பைக் கேட்காதே. நீ எழுத ஒன்றும் இல்லை என்றால் எனக்குக் கொடுக்கவும் ஒன்றும் இல்லை.

சிட்டம்மாள்


சென்னை
14.10.2025

அக்கா,

ஒரு மாதமாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் எப்படி இருக்கிறாய்?

சொல்லிவிடுகிறேன். அன்று சர்வேயர், தாசில்தார், ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் என் பின்னால் நடந்தார்கள். வரத்துக்காலுக்குள் இறங்கியதும் சர்வேயர் நின்று, "சார், இது என்ன?" என்றார். எனக்குத் தெரியும். சிலேட்டு விழுந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளி நின்றேன். கால்வாய் என்று சொன்னால் நிலம் இரண்டாகும், கோப்பு திரும்பும். "வண்டிப்பாதை" என்றேன். ஊர்ப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என் கையிலிருந்த கம்பைப் பார்த்தார்கள். கம்புகட்டி வீட்டுப் பிள்ளை பொய் சொல்வான் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஒருவேளை, நான் தண்ணீருக்கு வேறு வழி வைத்திருப்பேன் என்று நினைத்திருப்பார்கள்.

அங்கேயே நட்டேன். வைகாசி வெயிலில் மண் பாறையாக இருக்கும், நாலைந்து முறை குத்த வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். கம்பு ஒரே குத்தில் இறங்கியது, அக்கா. அடியில் ஈரம் இருந்தது. பிடுங்கும்போது நுனியில் சேறு. கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உன் வீட்டில் கொண்டுவந்து சாத்தினேன். பாடுபட்டதெல்லாம் உண்மை. பதினாலாயிரம் பேரும் உண்மை. அந்தச் சேறும் உண்மை.

புத்தகத்தில் அந்த வரியைச் சேர்த்துக் கொடுத்தேன். அந்தப் பக்கம் வராது என்றார்கள். அப்படியானால் புத்தகமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வெள்ளி விழா அழைப்பிதழிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். நான் முதன்முதலில் தேர்ந்தெடுத்த ஆசிரியர்களில் இருவர் போன் செய்து, வயதானால் இப்படித்தான் ஆகும் என்று எனக்கே ஆறுதல் சொன்னார்கள்.

மேலே எழுதியதை அப்படியே உறுதிமொழியாக எழுதிக் கையெழுத்திட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பியிருக்கிறேன். நகல் இத்துடன். ஊரில் எல்லோர் முன்னாலும் படித்துவிடு.

கம்பை நான் கேட்கவில்லை.

தாமோதரன்


நம் ஊர்
ஐப்பசி 20

தம்பி தாமோதரனுக்கு அக்கா சிட்டம்மாள் எழுதிக்கொண்டது. நான் சுகம். கால் வீக்கம் கொஞ்சம் உண்டு. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ சொன்னபடி மாரியம்மன் கோயில் முன்னால் இளமதி படித்தாள். திட்டினார்கள். என்னென்ன திட்டினார்கள் என்பது நினைவில் இருக்கிறது, எழுதமாட்டேன். நான் யாரையும் தடுக்கவில்லை. காய்ந்தது அவர்கள் நிலம். எல்லாம் ஓய்ந்த பிறகு ஆண்டாளம்மாள் சொன்னாள்: "போவட்டும் சிட்டம்மா. உசுரோட கீறப்பவே சொல்லிட்டாரே. செத்த பொறவு சொன்னா யார் கிட்ட போயி சண்ட போடறது?"

உன் தாள் போன பதினோராம் நாள் தாசில்தார் வந்துவிட்டார். மனு ஆறு மாதமாகக் கிடந்தது. ஆண்டாளம்மாளும் நானும் நடந்து காட்டினோம். சுவரில் பன்னிரண்டு அடி திறக்க உத்தரவு. பல்கலைக்கழகத்தில் தை வரைக்கும் தவணை கேட்டார்கள், சுவரில் விழாவுக்குச் சித்திரம் வரைந்திருக்கிறார்களாம். "தை மாசத்துல எந்த மழப்பா வரும்?" என்று நான் கேட்டேன். தாசில்தார் சிரித்துவிட்டார். கார்த்திகை நாலுக்குள் அவர்கள் திறக்காவிட்டால் அதிகாரிகள் முன்னிலையில் ஊரே திறந்துகொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர்கள் திறக்கிற மாதிரி தெரியவில்லை.

அதனால் கார்த்திகை ஐந்து, வெள்ளிக்கிழமை, குடிமராமத்து. பழைய வழக்கம்தான், வீட்டுக்கு ஒரு ஆள். கம்புகட்டி வீட்டு ஆளாக இத்தனை வருஷம் நானே மண்வெட்டி தூக்கினேன். இந்த வருஷம் உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். கேட்டதும் நாலு பேர் முணுமுணுத்தார்கள். நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

இன்னொன்று. ஒரு வரிக்கு ஒரு கம்பு என்று வாக்குக் கொடுத்திருந்தேன். நீ ஒரு பக்கமே எழுதிவிட்டாய். வாக்கு மாற மாட்டேன், கம்பு உன்னுடையது. ஆனால் அது வீட்டில் இல்லை. நேற்று நானே கொண்டுபோய், அன்றைக்கு நீ நட்ட அதே இடத்தில், சுவரை ஒட்டி நட்டுவிட்டு வந்தேன். ஈரம் இல்லை. ஆறு முறை குத்த வேண்டியிருந்தது. காவலுக்கு நிற்கிற ஆள் பிடுங்க வந்தார். கூட வந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் சும்மா நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான். கையை எடுத்துக்கொண்டார். இனி அதை நம் வீட்டு ஆள் தவிர யாரும் தொடமாட்டார்கள். நானும் தொடமாட்டேன்.

வந்து எடுத்துக்கொள்.

சிட்டம்மாள்


சென்னை
10.11.2025

அக்கா,

சாப்பிடுகிறேன். கால் வீக்கத்தை டாக்டரிடம் காட்டு.

வியாழன் மாலையே செங்கல்பட்டு வழியாகப் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். கார் வேண்டாம். எல்லோர் முகத்தையும் எப்படிப் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் வருகிறேன். ஒரே ஒரு சிக்கல். முழங்காலில் உலோகம் வைத்திருக்கிறார்கள், குனிந்து மண் வெட்ட என்னால் முடியாது. நின்றுகொண்டு செய்கிற வேலை ஏதாவது இருந்தால் சொல்.

உன் தம்பி,
தாமோதரன்


நம் ஊர்
ஐப்பசி 28

தம்பிக்கு,

டாக்டரிடம் காட்டினேன். உப்பைக் குறைக்கச் சொன்னார்.

இங்கே நேற்றிலிருந்து மழை. சுவருக்கு அந்தப் பக்கம், உங்கள் கார்கள் நிறுத்துகிற இடத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கிறதாம். வழி தேடிக்கொண்டிருக்கிறது.

கடப்பாரையை நின்றுகொண்டே போடலாம். வா.

அக்கா